900 டாலருக்கு வாங்குன வெப்சைட்டை 1500க்கு வித்தேன், லாபம் எங்க போச்சு?

வேலந்தாவளம்_வழி

எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்மளுக்கு கொழிஞ்சாம்பாறை பக்கம், பாலக்காடு ஜில்லான்னாலும் வீட்ல கடையில எல்லாம் தமிழ்தான். போன மாசம் ஒரு சைட் வித்தேன்னு இங்கயே ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தேன், நாப்பது பேர் வாழ்த்து சொன்னீங்க, நாலு பேர் இன்பாக்ஸ்ல வந்து "அண்ணா எனக்கும் சொல்லிக் குடுங்க"ன்னீங்க. இப்போ பணம் பேங்குக்கு வந்து சேர்ந்தாச்சு, ராத்திரி உக்காந்து நோட்டுல கணக்கு எழுதிப் பார்த்தேன், எழுதுனதுக்கப்பறம் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அழிச்சிரலாமான்னு இருக்கு. அழிக்கறதுக்குப் பதிலா முழுக் கணக்கையும் இங்க வைக்கறேன், திட்டணும்னா திட்டுங்க.

சைட் என்னன்னா மொட்டைமாடித் தோட்டத்துக்கு சொட்டுநீர் போடறதப் பத்தி, இங்கிலீஷ்ல, 31 கட்டுரை. ஆட்சென்ஸ்ல (சைட்ல விளம்பரம் போடறதுக்கு கூகுள் குடுக்கற காசு) மாசம் 30 டாலர் வந்துட்டிருந்துச்சு, மாச வருமானத்தோட முப்பது மடங்குன்னு பேசி 900க்கு முடிச்சேன். இந்தத் தலைப்பை ஏன் எடுத்தேன்னா எங்க பக்கம் மழை மறைவுங்க, சித்தூர் தாலுகாவோட கிழக்குக் கோடி, தண்ணிக்கு ஆளியாறு வாய்க்காலப் பார்த்தே கெடக்கற ஊரு, சொட்டுநீர்க் குழாய் அடைச்சா எப்படி ஊதறதுன்னு சின்னப் பையனுக்குக் கூட தெரியும். அதனால நம்மளே எழுதலாம், நம்ம தோப்புலயே போட்டோ எடுக்கலாம்னு நெனச்சேன். எடுத்தேன். ஃபில்டர் கழுவற போட்டோ ஒண்ணுல எங்கம்மாவோட கால் ரெண்டும் ஓரத்துல விழுந்திருக்கும், அதை வெட்டாமலே போட்டுட்டேன்.

வாங்கும்போது 900 மட்டும் இல்லைங்க. எஸ்க்ரோவுல (சைட் கைமாறற வரைக்கும் பணத்தை நடுவுல வச்சிருக்கறவங்க) என் பாதி 25. கிரெடிட் கார்டுல கட்டுனேன், வெளிநாட்டுப் பணம்கறதால மூணரை சதவீதம் ஃபாரெக்ஸ் மார்க்கப், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ரெண்டும் சேர்ந்து 38. ஆக 963 ஆச்சு.

எட்டு மாசம் வச்சிருந்தேன். ஹோஸ்டிங் 48, டொமைன் (சைட்டோட முகவரி) ரெனியூவல் 11, ஒரு பிளகின் 49, ஒரு புள்ளைகிட்ட 20 கட்டுரை எழுதி வாங்குனதுக்கு 12,000 ரூபா, அது 143 டாலர்னு வச்சுக்கலாம். மொத்தம் 251.

இந்த எட்டு மாசத்துல ஆட்சென்ஸ்ல 320 டாலர் வந்துச்சு. கடைசி ரெண்டு மூணு மாசம் 50 தொட்டுச்சு, அதக் காட்டித்தான் 1500 கேட்டேன்.

விக்கறப்பதான் கூத்து. சைட் விக்கற மார்க்கெட்பிளேஸ்ல பட்டியல் போட, அதாவது லிஸ்டிங், 49. முதல் தடவை யாருமே வெலை கேட்டு பிட் பண்ணல, காலாவதி ஆயிருச்சு, மறுபடி 49. வித்ததும் சக்சஸ் ஃபீ, அதாவது கமிஷன், 10 சதவீதம், 150. எஸ்க்ரோ பாதி 25. பணத்தை பேங்குக்கு அனுப்பற வயர் சார்ஜ் 20. டாலர ரூபாயா மாத்தும்போது கூகுள்ல காட்டற ரேட்டுக்கும் பேங்க் குடுத்த ரேட்டுக்கும் டாலருக்கு ஒண்ணரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல வித்தியாசம், அதுல 23 டாலர் போச்சு.

எல்லாம் கழிச்சுப் பார்த்தா கைக்கு வந்தது 1184. நான் போட்டது 963ம் 251ம் சேர்த்து 1214.

அதாவது வாங்கி வித்ததுல எனக்கு முப்பது டாலர் நட்டம். 600 டாலர் லாபம்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

ஆட்சென்ஸ் 320 இருந்ததால மொத்தத்துல 290 நின்னுச்சு, 24,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. நாளுக்கு ஒரு மணி நேரம்னு குறைச்சு வச்சாலும் மணிக்கு 100 ரூபா. எங்க தோப்புல தேங்கா போடற அண்ணனுக்கு ஒரு மரத்துக்கு 50 குடுக்கறோம், அவரு ஒரு மணி நேரத்துல எத்தன மரம் ஏறுவார்னு நான் கணக்குப் போடறதா இல்லை.

கேள்வி இதுதானுங்க: கமிஷன்தான் நம்மள தின்னுச்சா, இல்ல நான் எங்கயாச்சும் முட்டாள்தனம் பண்ணிட்டனா?

பொள்ளாச்சி_தரகு

ஏனுங் தம்பி, இதையே நான் மாட்டுச்சந்தையில தினம் பாக்கறேன். எங்கய்யன் தரகர், செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போனா துண்டுக்குள்ள கைய விட்டு விரல் புடிச்சு வெலை பேசுவாங்க பாருங்க, அந்த ஆளு. மாடு வாங்குனவன் வீட்டுக்குப் போயி "நாப்பதாயிரத்துக்குப் புடிச்சேன்"னு மட்டும்தான் சொல்லுவான். தரகு, வண்டி வாடகை, கயிறு, வழியில குடிச்ச டீ ஒண்ணும் கணக்குல வராது. அடுத்த சந்தையில அம்பதாயிரத்துக்கு வித்தா பத்தாயிரம் லாபம்னுவான். தீவனத்தக் கேட்டா வாயத் தொறக்க மாட்டான்.

உங்க கணக்குல தீவனந்தான் 251. அது கமிஷன விடப் பெருசு, பாத்தீங்களா?

நகரி_தறி

அண்ணா, கணக்கு போட்டு போட்டதுக்கே உங்களுக்கு ஒரு சலாம். இங்க பாதி பேரு வித்த வெலைய மட்டும் போட்டுட்டு போயிடறாங்க.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க, 10 சதவீதத்த திட்டாதீங்க. உங்கள அடிச்சது சதவீதம் இல்ல, சைட்டோட சைஸ். லிஸ்டிங், எஸ்க்ரோ மினிமம், வயர், இதெல்லாம் தலைக்கு இவ்ளோன்னு வர்ற காசு, சின்ன சைட்டுன்னு பாவம் பாக்காது. உங்க ரேட்டையே வச்சு 500 டாலர் சைட் ஒண்ண எடுத்துக்கோங்க: 49, 50, 25, 20, மொத்தம் 144. கிட்டத்தட்ட 29 சதவீதம். அதே 10,000 டாலர் சைட்டுக்கு கமிஷன் 1000, எஸ்க்ரோ பங்கு ஒரு 100ன்னு வையுங்க, மத்ததெல்லாம் அதே காசுதான், 12 சதவீதம் கூட வராது. எங்க ஊர்ல தறி வச்சிருக்கவங்களுக்கு இது நல்லா தெரியும், ஒரு வேட்டிய லாரியில ஏத்தி மெட்ராசுக்கு அனுப்புனா வேட்டி வெலைய விட லாரி வாடகை ஜாஸ்தி.

இன்னொண்ணு. வாங்கறதுக்கு முன்னாடியே பின்னாலருந்து கணக்கு போடணும். உங்க செலவு 1214, ரெண்டு லிஸ்டிங் காசு 98, கமிஷன், எஸ்க்ரோ, வயர், மாத்தற நட்டம் எல்லாம் சேர்த்தா வெறும் முதலு திரும்பி வர்றதுக்கே 1535 டாலருக்கு வித்திருக்கணும். ஒரே லிஸ்டிங்ல போயிருந்தா 1480. இந்த நம்பர் வாங்குன அன்னிக்கே உங்களுக்கு தெரிஞ்சிருந்தா 1500க்கு தலையாட்டியிருப்பீங்களா?

புளியரை_வளைவு

அண்ணாச்சி, கமிஷன மிச்சம் புடிக்கேன்னு கெளம்பி நான் பட்ட பாட்ட சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. நாங்க செங்கோட்டை தாண்டி புளியரை, அந்தப் பக்கம் ஆரியங்காவு. மலையாளத்துக்காரன்கிட்டயும் யாவாரம் பண்ணி பழக்கம், வாய்ப்பேச்சுலயே முடிச்சிருவோம். அதே நெனப்புல ஒரு சைட்ட மார்க்கெட்பிளேஸ் வேண்டாம்னு ஒரு வெளிநாட்டுக்காரன்கிட்ட நேரடியா வித்தேன். 1,100 டாலர், ஆன்லைன் பேமெண்ட் கணக்குல வந்துட்டு. டொமைன் குடுத்தாச்சு, ஃபைல் குடுத்தாச்சு, மெயில் பாஸ்வேர்டு கூட குடுத்தாச்சு. நாலு மாசம் கழிச்சு ஒரு காலைல பாக்கேன், கணக்கு மைனஸ்ல நிக்கி. "பொருள் சொன்ன மாதிரி இல்ல"ன்னு டிஸ்ப்யூட் போட்டிருக்கான். இந்த மாதிரி பேமெண்ட்ல 180 நாள் வரைக்கும் டிஸ்ப்யூட் போட வழி உண்டுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். சைட்டும் போச்சு துட்டும் போச்சு. எஸ்க்ரோவுக்கு அம்பது டாலர் அழுதிருந்தா அந்த 1,100 எங்கிட்ட இருந்திருக்கும்.

அதனால ஃபீ ஃபீன்னு பொலம்பாதீய. அந்த ஃபீயில ஆள் தேடிக் குடுக்கறது ஒரு பங்கு, அடிச்சுப் புடுங்காம காவல் நிக்கறது ஒரு பங்கு.

கம்பம்_திராட்சை

புளியரை அண்ணன் சொன்னது சரிதான், ஆனா காவல் நிக்குற எடம்னு எல்லா மார்க்கெட்பிளேஸையும் நம்பிறாதீங்க. நான் ஒரு எடத்துல சைட் வாங்குனேன், பேர் வேணாம், "வெரிஃபைடு"ன்னு பச்சை டிக் போட்டிருந்துச்சு. வாங்குனப்பறம் பார்த்தா டிராஃபிக்ல பாதி எங்கயோ காசு குடுத்து வரவச்ச போலி. கூகுள்லருந்து எத்தன பேர் வராங்கன்னு காட்டுற சர்ச் கன்சோல நேர்ல ஸ்கிரீன் ஷேர்ல காட்டுங்கன்னு கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், கேக்காம விட்டது என் தப்பு. ஸ்கிரீன்ஷாட்ட யார் வேணும்னாலும் பண்ணலாம். லைவா டேட் ரேஞ்ச மாத்தச் சொல்லிப் பாருங்க, அப்பத்தான் முழிப்பாய்ங்க.

பழைய_மோடம்

சிரிப்பா வருது தம்பிகளா. நான் சைட்பாயின்ட் ஃபோரத்துல சைட் வித்த காலத்து ஆளு, 2009ல அதுலருந்து சைட் வாங்கி விக்கற ஃபிளிப்பா தனியா பிரிஞ்சு வந்தது, மெல்போர்ன்காரங்க. அன்னைக்கும் லிஸ்டிங் காசு சக்சஸ் ஃபீ ரெண்டையும் பார்த்து இதே பொலம்பல்தான். எம்பயர் ஃபிளிப்பர்ஸ் மாதிரி புரோக்கர் எடங்கள்ல சின்ன டீலுக்கு 15 சதவீதம், ஆனா மாசம் 50 டாலர் வர்ற உங்க சைட்ட அவங்க வாசப்படியிலயே ஏத்த மாட்டாங்க. மைக்ரோஅக்வயர்னு 2020ல வந்து இப்போ அக்வயர்னு பேர் மாத்தினது சாஃப்ட்வேர் கம்பெனி விக்கறவங்களுக்கு, நம்மளுக்கு இல்ல.

ஃபீ எவ்வளவுன்னு என்கிட்ட கேக்காதீங்க, எவன்கிட்டயும் கேக்காதீங்க. வருஷத்துக்கு வருஷம் மாத்துவாங்க, போன வருஷ யூடியூப் வீடியோவ நம்பி கணக்குப் போட்டா கை சுடும். லிஸ்ட் பண்ற அன்னைக்கு அவங்க வெப்சைட்டுலயே போய்ப் பாருங்க.

நீங்க யாருமே பேசாத செலவு ஒண்ணு இருக்கு, ரிஸ்க். 2020 ஏப்ரல்ல அமேசான் அமெரிக்காவுல அஃபிலியேட் கமிஷன (சைட்ல லிங்க் வச்சு வித்துக் குடுத்தா தர்ற பங்கு) வெட்டுனாங்க, ஃபர்னிச்சர் எல்லாம் 8 சதவீதத்துலருந்து 3க்கு வந்தது. மாசம் 800 டாலர் வர்ற சைட், விடிஞ்சா 300 டாலர் சைட். முப்பது மடங்கு குடுத்து வாங்கினவன் நிலைமைய யோசிங்க. தேடல்ல எந்த சைட் மேல வரும்கறத கூகுள் மாத்தினாங்க, 2023 செப்டம்பர்ல ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் அப்டேட், 2024 மார்ச்சுல கோர் அப்டேட், எத்தனை சின்ன சைட் தரையோட படுத்ததுன்னு இங்க இருக்கறவங்களுக்கே தெரியும். முப்பது மடங்குன்னா ரெண்டரை வருஷம் அதே வருமானம் வந்தாதான் போட்ட முதல் திரும்பும். ரெண்டரை வருஷம் கூகுள் சும்மா இருக்குமா? 10 சதவீதம் கமிஷன் கண்ணுக்குத் தெரியுது, இது தெரியறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

களியக்காவிளை_சேச்சி

எனக்க சந்தேகம் ஒண்ணு உண்டு, ஆராவது சொல்லித் தரணும். எனக்க கையில தமிழ்ல ஒரு சமையல் சைட் உண்டு, மாசம் 2,500 ரூவா வரும். மரச்சீனி, மீன் கறி, நம்ம பக்கத்துச் சமையல் தான். இத இந்த வெளிநாட்டு மார்க்கெட்டுல போட்டா ஆரெங்கிலும் எடுப்பாவளா? பின்ன, ஜிஎஸ்டி ஒக்க எடுக்கணுமா?

நகரி_தறி

அக்கா, தமிழ் சைட்ட அங்க போடாதீங்க, லிஸ்டிங் காசு தண்டம். ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்ததே 2018 பிப்ரவரியில தான், அதுக்கப்புறந்தான் தமிழ் சைட்டுக்கு ஒரு வெலைன்னே வந்துச்சு. ஆனா வாங்கறவன் யாரு? அமெரிக்காக்காரன் மரச்சீனிய படிச்சு பார்க்க முடியுமா, அவன் எத வச்சு தரம் பாப்பான். உங்களுக்கு வாங்கற ஆளு இங்கயே, டெலிகிராம் குரூப்ல தான் இருக்கான். நான் பார்த்த வரைக்கும் தமிழ் சைட்டுக்கு எட்டு மடங்கு, பத்து மடங்குக்கு மேல யாரும் பேசறதில்ல, அதாவது உங்க சைட் 20,000லருந்து 25,000. பத்து மாசம் நீங்களே வச்சிருந்தா அந்தக் காசு வந்துடும், சைட்டும் உங்களுதாவே இருக்கும்.

ஜிஎஸ்டி, சேவைக்கு வருஷம் 20 லட்சம் வரைக்கும் பொதுவா பதிவு வேணாம். ஆனா வெளிநாட்டுல சேவை வாங்கறது விக்கறதுன்னு வரும்போது சட்டம் வேற மாதிரி பேசும், அத இங்க கேட்டுட்டு செய்யாதீங்க, ஆடிட்டர் ஒருத்தர்கிட்ட 500 ரூபா குடுத்து கேளுங்க.

களியக்காவிளை_சேச்சி

அப்பம் விக்க மாட்டேன். நன்றி தம்பி.

ஷார்ட்கட்_சாமி

மாசம் ஒரு லட்சம் சைட் ஃபிளிப்பிங்ல சம்பாதிக்கற ரகசியம் தெரியணும்னா என் ப்ரொஃபைல் பாருங்க, இன்னைக்கு மட்டும் 999

பொள்ளாச்சி_தரகு

வந்துட்டாருய்யா. சந்தைக்கு வந்து மாடு விக்காம கயிறு மட்டும் விக்கறவரு.

மீனாட்சிபுரம்_மொபைல்

இழைய ஆரம்பிச்ச அண்ணா, டொமைன் டிரான்ஸ்ஃபர்ல உங்களுக்கு லேட் ஆச்சா? நான் வாங்குன உடனே வேற ரிஜிஸ்ட்ரார்க்கு (டொமைன் பதிஞ்சு வைக்கற கம்பெனி) மாத்துனேன், அப்பறம் 60 நாள் லாக்குன்னு சொல்லிட்டாங்க, அடுத்த மாசமே வாங்க ஆள் வந்தும் அவன் கேட்ட ரிஜிஸ்ட்ராருக்கு மாத்திக் குடுக்க முடியல. அவன் போயே போயிட்டான். டீ கடையில உக்காந்து கேரளா பஸ் போறதயும் தமிழ்நாடு பஸ் போறதயும் பார்த்துட்டிருந்தேன், என் டொமைன் மட்டும் பார்டர்லயே நின்னுச்சு.

வேலந்தாவளம்_வழி

மீனாட்சிபுரம் தம்பி, நான் அதே ரிஜிஸ்ட்ரார்லயே கணக்கு விட்டுக் கணக்குக்கு புஷ் பண்ணி வாங்குனேன், விக்கும்போதும் அதே, பத்து நிமிஷ வேலை, லாக்கும் இல்ல. அதுல மட்டும் பொழைச்சேன்.

எல்லாரும் சொன்னதுல எனக்கு உறைச்சது என்னன்னா, நான் கமிஷன்மேல கோவப்பட்டு இந்த இழைய ஆரம்பிச்சேன், ஆனா 630 செலவுல கமிஷன் 150தான். நானே போட்ட தீவனம் 251. முதல் லிஸ்டிங் வீணாப் போனதும் என் தப்புதானுங்க, வெறும் மூணு வரி எழுதி, ஒரு கிராஃப் போட்டு விட்டுட்டேன். ரெண்டாவது தடவை ஆறு மாச ஆட்சென்ஸ் ரிப்போர்ட், எந்தக் கட்டுரைக்கு எவ்வளவு பேர் வராங்க, ஏன் விக்கறேன், எல்லாம் எழுதுனேன், நாலு நாள்ல மூணு பேர் வந்தாங்க. அந்த 20 கட்டுரையில அஞ்சுக்குத்தான் டிராஃபிக்கே வந்துச்சு, மீதி 15ம் சும்மா, சைட் பெருசாத் தெரியணும்னு போட்டது. வாங்குனவன் அதை எண்ணிக் கூடப் பார்க்கல, மாச வருமானத்த மட்டும்தான் கேட்டான்.

இன்னொரு சந்தேகம், ஆட்சென்ஸ் 100 டாலர் சேர்ந்தாத்தானே வரும், வித்தப்போ என் கணக்குல 64 டாலர் தொங்கிட்டு நிக்குது, சைட்டும் இப்போ என்னுது இல்ல, அந்தக் காசு என்னாகும்? (320ல அதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கேன், அதனால நிஜமா கைக்கு வந்தது இன்னும் கம்மி.)

பழைய_மோடம்

ஆட்சென்ஸ் கணக்கு உன் பேர்ல, அது சைட்டோட போகாது, வாங்குனவன் அவனோட விளம்பரக் கோட் (code) போட்டுக்குவான். வேற சைட் ஏதாச்சும் அதே கணக்குல ஓட்டு, 36 டாலர்தான் வேணும், சேர்ந்ததும் அடுத்த மாசக் கடைசி வாரத்துக்குள்ள வந்துரும். அதுக்காக அவசரப்பட்டு இன்னொரு சைட் வாங்கிராத.

கம்பம்_திராட்சை

வாங்கிருவாரு பாருங்க. இந்த நோய் அப்படி.

புளியரை_வளைவு

அண்ணாச்சி ஒரு சேதி. உங்க சைட் சொட்டுநீர் தான? மொட்டைமாடியில நீலக் குழாய் போட்ட படம் முகப்புல உண்டா? சும்மா மேஞ்சிட்டு இருந்தேன், இப்ப ஒரு லிஸ்டிங் கண்ணுல பட்டுது. 2,600 டாலர் கேக்கான்.

வேலந்தாவளம்_வழி

ஐயோ. லிங்க் அனுப்புங்க.

வேலந்தாவளம்_வழி

பார்த்தேனுங்க. அதேதான். வாங்கி அஞ்சு வாரம் கூட ஆகல. "நிறுவனர் தன் சொந்தப் பண்ணையில் எடுத்த அசல் புகைப்படங்கள்"னு இங்கிலீஷ்ல பெருமையா எழுதி, மாதிரிக்கு ஒரு படம் வச்சிருக்கான். ஃபில்டர் கழுவற படம். அம்மாகிட்ட போன்ல காட்டுனேன், "இது என்ற காலல்லோடா"ன்னு கேட்டுட்டு, எவ்வளவுக்கு விக்கறாங்கன்னு கேட்டாங்க, 2,600 டாலர்னு சொன்னேன், ரூபாயில சொல்லுன்னாங்க, ரெண்டு லட்சத்துக்கு மேலன்னு சொன்னதுக்கு என்னை ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க.

லிஸ்டிங்கோட அடியில சின்ன எழுத்துல "மறுமுறை பட்டியலிடப்பட்டது"ன்னு இருக்கு. பிட் பூஜ்ஜியம்.

அவனுக்கும் ரெண்டு தடவை லிஸ்டிங் காசு போயிருக்கு. நான் வாட்ச் பட்டன அமுக்கி வச்சிருக்கேன்.